ஏர் ஃபிரையர்ல சோளக்கருது: பச்சையா வைக்கணுமா, அவிச்சுட்டு வைக்கணுமா?

கீழக்கரை_லாத்தா:
ஸலாம் எல்லாருக்கும். துபாய்ல இருக்க தம்பி கார்கோல ஒரு ஏர் ஃபிரையர் போட்டு விட்டுருக்கான், நாலு லிட்டர், முன்னாடி ட்ராயர் இழுக்குற மாதிரி. வந்ததுல இருந்து சமோசா, நகட்ஸ்னு ஓடிக்கிட்டு இருக்கு, இப்ப புள்ளைக சோளம் சுட்டுக் குடும்மாங்குதுக. பீச்சுல வண்டிக்காரர் சுடுற மாதிரியே வேணுமாம். பச்சைக் கருத அப்படியே உள்ள வைக்கலாமா இல்ல குக்கர்ல அவிச்சுட்டு வைக்கணுமா? தோகையோடயா, உரிச்சா? எத்தனை டிகிரி, எத்தனை நிமிஷம்? யூட்யூப்ல ஒருத்தர் எட்டு நிமிஷம்ங்குறாரு இன்னொருத்தர் இருவத்தஞ்சுங்குறாரு, ரெண்டு பேரு சோளமும் பாக்க ஒரே மாதிரி பளபளன்னுதான் இருக்கு. செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க. இன்னொண்ணு, எங்க மாமிக்குப் பல்லு செட்டு, அவங்க கடிக்கிற பதத்துக்கு வருமா?

தொண்டி_தம்பி:
லாத்தா பேசாம வண்டிக்காரர் கிட்டயே வாங்கிக் குடுத்துருங்க, அவருக்கும் யாவாரம் ஆகும் 😂

உச்சிப்புளி_காரன்:
200 டிகிரி, 12 நிமிஷம். நடுவுல ஒருக்கா திருப்பி விடுங்க. அவ்ளோதான்.

கமுதி_சம்சாரி:
அவ்ளோதான்னு சொல்லிட்டா எப்புடி தம்பி, என்ன சோளம்னு யாருமே கேக்கலையே. கடையில ஸ்வீட் கார்ன்னு பிளாஸ்டிக் சுத்தி விக்கிறது ஒண்ணு, எங்க காட்டுல நிக்கிற மக்காச்சோளம் ஒண்ணு. ரெண்டும் பாக்க ஒண்ணு போல இருக்கும், நெருப்புல வச்சா ரெண்டும் வேற வேற.

நாங்க புரட்டாசி ஐப்பசி மழைய நம்பி விதைக்கிறது கோழித் தீவனத்துக்குப் போற ஹைபிரிட். காஞ்சு முத்துனப்பறம் நாமக்கல் பக்கம் லாரி ஏறிப் போயிரும். அதுல பால் புடிக்கிற பருவத்துல கொஞ்சம் ஒடிச்சு சுட்டுத் திம்போம், வண்டில சுட்டு விக்கிறதும் பாதிக்கு மேல அந்த மாதிரி கருதுதான். அதுல இனிப்பு கம்மி, மாவு ஜாஸ்தி. ஸ்வீட் கார்ன் வேற ஜாதி, முத்துக்குள்ள இருக்க சீனி மாவா மாறுறதுக்கு அதோட விதையிலேயே ஒரு தடை இருக்கு, அதனாலதான் முத்துக்குள்ள தண்ணியும் இனிப்பும் நிக்கிது.

இப்ப உங்க மிஷினுக்கு வாங்க. அது என்ன, மேல காயில்னு சூடாகுற ஒரு கம்பிச்சுருள், அதுக்கு மேல ஒரு ஃபேன், சுடுகாத்த வேகமாச் சுத்தி விடுது. தண்ணி கிடையாது. மாவு வேகணும்னா தண்ணி வேணும், சோறு பொங்குற எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. ஸ்வீட் கார்னுக்குத் தேவையான தண்ணி அதோட முத்துக்குள்ளயே இருக்கு, அது பச்சையா வச்சாலும் வெந்துரும். நாட்டுக் கருதுன்னு நாங்க சொல்ற எங்க காட்டு மக்காச்சோளத்த, அதுவும் கொஞ்சம் முத்துனத, பச்சையா வச்சீங்கன்னா உள்ள இருக்க கொஞ்சத் தண்ணியவும் காத்து உறிஞ்சிரும், வெளிய செவந்து உள்ள கல்லாட்டம் கிடக்கும். எட்டு நிமிஷக்காரரும் இருவத்தஞ்சு நிமிஷக்காரரும் ஏன் சண்டை போடுறாங்கன்னா அதான். மொதல்ல கையில இருக்கறது எதுன்னு பாருங்க.

கீழக்கரை_லாத்தா:
அண்ணே கடையில எழுதி ஒட்டலன்னா எப்புடி கண்டுபுடிக்கிறது? இங்க தள்ளுவண்டில ரெண்டையும் கலந்துதான் கொட்டி வச்சிருக்காங்க.

கமுதி_சம்சாரி:
தோகைய லேசா விலக்கி ஒரு முத்த நகத்தால கீறுங்க. பாலாட்டம் பீச்சுனா எளசு, மிஷின்ல நேரா வைக்கலாம். தண்ணியாட்டம் வந்தா இன்னும் பருவம் ஆகல. மாவாட்டம் பிசுபிசுன்னு வந்தாலோ ஒண்ணுமே வரலன்னாலோ முத்திருச்சு, குக்கர் பக்கம் போங்க. கருது நுனியில நூலாட்டம் தொங்குற குஞ்சம் வெளிய வந்ததுல இருந்து சுமாரா 18 நாள்ல இருந்து 22 நாளுக்குள்ள ஒடிச்சாத்தான் ஸ்வீட் கார்ன் சரியா இருக்கும், அத நாம கடையில போய்க் கேக்க முடியாது, ஆனா குஞ்சத்தப் பாத்தாத் தெரியும். நுனி காஞ்சு பிரவுனா இருக்கணும், உள்ளுக்குள்ள இன்னும் ஈரம் இருக்கணும். தோகை பச்சையா இருக்கணும். காம்பு வெட்டுன எடம் கருத்துக் காஞ்சு கிடந்தா பறிச்சு நாளாச்சுன்னு அர்த்தம்.

ரெண்டும் கலந்து கிடந்தா ஒரு முத்தப் பிச்சு வாயில போடுங்க. பச்சையிலேயே இனிச்சா ஸ்வீட் கார்ன். தோகை உரிச்சு பிளாஸ்டிக்ல சுத்தி வச்சிருக்கத நான் வாங்கவே மாட்டேன், அதுல வயசு தெரியாது.

பாம்பன்_அக்கா:
அண்ணன் சொன்னதுல ஒண்ணு சேத்துக்கங்க. பாம்பனுக்கும் ராமேஸ்வரத்துக்கும் சோளம் மதுரை பக்கமிருந்து வண்டில வந்து, இங்க ரோட்டோரம் வெயில்ல ஒரு நாள் கிடக்கும். பழைய ரக இனிப்புச் சோளமா இருந்தா 30 டிகிரி வெக்கையில ஒரே நாள்ல சீனி பாதிக்கு மேல மாவாயிரும், ஐஸ் குளிர்ல வச்சா அதே ஒரு நாள்ல சுமாரா 6 சதவீதம்தான் போகும். இப்ப வர்ற ரகம் கொஞ்சம் தாங்குது, இருந்தாலும் வாங்குனதும் தோகையோட ஃபிரிட்ஜ்ல தள்ளிருங்க. மீனுக்கு ஐஸ் போடுற நமக்கு இது தெரியாதா என்ன, சோளத்துக்கு யாரும் போடுறதில்ல அவ்ளோதான்.

நான் செய்யிறது இதான். தோகைய உரிச்சு, குஞ்சத்த ஈரத்துணியால மேல இருந்து கீழ துடைச்சா எல்லாம் வந்துரும். முழுக் கருது கூடையில நிக்காது, நடுவுல கத்தியால ஒரு கோடு போட்டு கையால ஒடிச்சா ரெண்டா வரும். உப்புத்தண்ணில ஒரு முக்கு முக்கி எடுத்து, ஈரம் சொட்டாம ஆனா காயாம, மேல ரொம்ப லேசா எண்ணெய் தடவுவேன். மிஷின மூணு நிமிஷம் சும்மா சூடாக்கிட்டு, 180ல எட்டு நிமிஷம், திருப்பிப் போட்டு 200ல நாலஞ்சு நிமிஷம். மொதல் பாதியில வேகுது, ரெண்டாவது பாதியில நெறம் வருது. எடுத்த எடுப்புல 200 வச்சா வெளிய சுருங்கிப் போகுது. ஒண்ணு மேல ஒண்ணு அடுக்காதீங்க, காத்து சுத்த எடம் வேணும், நாலு துண்டுக்கு மேல நான் வைக்கிறதில்ல.

உச்சிப்புளி_காரன்:
நான் எப்பவும் 200 தான். நல்லாத்தான் வருது.

பாம்பன்_அக்கா:
உங்க சோளம் புதுசா இருந்திருக்கும் தம்பி 🙂

தொண்டி_தம்பி:
நெய்யா வெண்ணெயா எண்ணெயா? ரூம்ல நாங்க ஃபுல்லா வெண்ணெய் தடவி வச்சோம், அடியில சொட்டி ஒரே பொக, ஹவுஸ் ஓனர் மேல வந்துட்டாரு.

ஏர்வாடி_பண்டாரி:
தம்பி வெண்ணெயில மோரோட பொடி இருக்கு, அது கருகும், அதான் பொக. நெய்யில அத உருக்கி எடுத்துட்டதால அது சூட்டத் தாங்கும். வைக்கும்போது நெய்யோ கடலெண்ணெயோ ஒரு தொட்டுத் தடவு போதும். வெண்ணெய்க்கு ஆசைன்னா வெளிய எடுத்தப்பறம் சூட்டோட தடவுங்க, உருகி முத்துக்கு நடுவுல எறங்கும், அதுதான் ருசி.

அதே கணக்குதான் மிளகாத்தூளுக்கும். உள்ள வைக்கும்போதே தூள் தடவாதீங்க. 200 டிகிரில தூள் கருகிக் கசக்கும், ஃபேன் வேற இருக்கா, கார நெடிய வீடு முழுக்கத் தூவி விட்டுரும், பக்கத்து வீட்டு ஆளும் தும்மும். வெளிய எடுத்து எலுமிச்சம்பழத்த ரெண்டா வெட்டி உப்பு மிளகாத்தூள்ல தொட்டு அழுத்தித் தேய்ங்க, வண்டிக்காரர் செய்யிறதும் அதான். தூளு நம்ம முண்டு மிளகாய்ல அரைச்சதா இருந்தா கேக்கவே வேணாம். தோல் தடிப்பு, நல்ல செவப்பு, காரம் நாக்கப் புடுங்காது. 2023ல புவிசார் குறியீடு குடுத்தாங்க, ஆனா நம்ம ஊருக் கடையிலேயே வெளியூர்ப் பாக்கெட் தூளத்தான் அடுக்கி வச்சிருக்கான்.

லாத்தாவுக்குத் தனியா ஒண்ணு சொல்றேன், நீங்க கீழக்கரை, உங்களுக்குப் புரியும். கெட்டித் தேங்காப்பால் கொஞ்சம் எடுத்து உப்பு, மஞ்சள் சிட்டிகை போட்டு, கடைசி அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடி கருதுல தடவி வைங்க. தேங்காப்பால்ல கொழுப்பும் லேசா இனிப்பும் இருக்கா, அது அந்தச் சூட்டுல பொன்னு நெறமா புடிக்கும். எடுத்துட்டு மாசிக்கருவாட்ட வறுத்து இடிச்ச பொடி, மிளகாத்தூள், எலுமிச்சை. நான் பாக்குற கல்யாணச் சமையல் வேலையில சோளத்துக்கு எடம் கிடையாது, இது வீட்டுல எம்புள்ளைகளுக்குச் செஞ்சு பாத்தது. மாசி இல்லன்னா கூனி இறால வறுத்துப் பொடிச்சும் போடலாம்.

கீழக்கரை_லாத்தா:
பண்டாரிக் காக்கா (எங்க பக்கம் அண்ணன அப்படித்தான் கூப்புடுவோம்), மாசியா!! இது எனக்குத் தோணவே இல்ல. வீட்டுல மாசி இருக்கு, செஞ்சுட்டுச் சொல்றேன்.

மண்டபம்_வயர்மேன்:
எல்லாரும் சோளத்தப் பத்தியே பேசுறீங்க, நான் பிளக்கப் பத்திப் பேசுறேன், கோவிச்சுக்காதீங்க லாத்தா. துபாய் மிஷினுக்கு சதுரக் காலு பிளக் வரும், நம்ம சுவர்ல போகாது. எல்லாரும் என்ன செய்றாங்க, கடையில ஒரு வெள்ளக் கலர் கன்வெர்ட்டர் பின்ன வாங்கிச் சொருகுறாங்க, அதையும் ஃபேன் ஓடுற சின்னப் பாயிண்ட்ல. மிஷின் 1400 வாட்டு, 230 வோல்ட்டுக்கு ஆறு ஆம்பியருக்கு மேல இழுக்கும். சின்னப் பாயிண்டே 6 ஆம்பியருக்குத்தான். அந்தக் கன்வெர்ட்டர் பின்னு உள்ள தகரம் மெல்லிசு, பதினஞ்சு நிமிஷம் ஓடுனா கை வைக்க முடியாத சூடு, அப்படியே இளகிப் போன பின்னு எத்தனையோ கழட்டிருக்கேன். வயரிங் தெரிஞ்ச ஆள வச்சு பிளக் டாப்ப வெட்டிட்டு 16 ஆம்பியர் மூணு பின்னு போடச் சொல்லுங்க, ஏசி மாட்டுற பெரிய பாயிண்ட்ல எர்த்தோட மாட்டுங்க. அந்த மிஷின் 220-240ன்னு போட்டிருக்கும், அதனால கரண்டு பிரச்சனை இல்ல, பின்னுதான் பிரச்சனை.

இன்னொரு விஷயம் இங்க யாரும் சொல்லல. நம்ம பக்கம் சாயங்காலம் லோ வோல்டேஜ். 180க்கு எறங்குச்சுன்னா சூடு பாதிக்குக் கொஞ்சம் மேலதான் வரும், ஏன்னா வோல்டேஜ் கொறையிற அளவுக்கு மட்டும் கொறையாது, அதோட வர்க்கத்துக்குக் கொறையும். கணக்குப் போட்டா 1400 வாட்டு மிஷின் சுமாரா 850 வாட்டா வேலை செய்யுது. யூட்யூப்காரர் சென்னையில 230 வோல்ட்ல பன்னெண்டு நிமிஷம்ங்குறாரு, நீங்க இங்க ராத்திரி ஏழு மணிக்கு அதே பன்னெண்டு நிமிஷம் வச்சா நெறமே வராது, நெறம் வரட்டும்னு கூட வச்சா காஞ்சு போகும். மத்தியானத்துல செஞ்சு பாருங்க, வித்தியாசம் தெரியும். ராத்திரிதான் செய்யணும்னா மொதல்ல காலியா அஞ்சாறு நிமிஷம் ஓட விட்டு நல்லா சூடானப்பறம் வைங்க.

தொண்டி_தம்பி:
அண்ணே கரண்டு பில்லு எவ்ளோ ஏறும்?

மண்டபம்_வயர்மேன்:
1400 வாட்டு கால் மணி நேரம் விடாம எரிஞ்சாலும் 0.35 யூனிட்தான். சூடு ஏறுனா காயில் விட்டு விட்டுத்தான் எரியும், அதனால அதுவும் முழுசா வராது. ஃப்ரீ யூனிட்டுக்குள்ள இருக்க வீட்டுக்கு இது ஒரு கணக்கே இல்ல. ஏசிய அணைங்க மொதல்ல.

கரிமூட்டம்:
இவ்வளவு நேரமும் படிச்சுட்டு இருந்தேன், பொறுக்க முடியல. ராமநாதபுரம் மாவட்டத்துல உக்காந்துக்கிட்டு சோளம் சுட கரண்டு மிஷினா? எந்தக் கண்மாயத் திரும்பிப் பாத்தாலும் சீமைக்கருவேலம், அத வெட்டி அடுக்கி மேல தழையும் மண்ணும் போட்டு மூடி, காத்துப் போகாம நாள்கணக்கா பைய எரியவிட்டு எடுக்குற கரி வெளியூருக்கெல்லாம் லாரி லாரியாப் போகுது. நம்ம கரில ஊரான் சோளம் சுடுறான், நம்ம சோளத்த நாம காத்துல வாட்டுறோம்.

ருசில எது வித்தியாசம்னு கேட்டா சொல்றேன். எல்லாரும் பொக வாசம் பொக வாசம்பாங்க, நல்லா எரிஞ்சு செவந்த கரில பொகையே இருக்காது. செவந்த கரி 600, 700 டிகிரி இருக்கும், அந்த அனல் நேரா முத்துல அடிக்கிது. முத்தோட தோலு பட்டு பட்டுனு வெடிச்சு அங்கங்க கரும்புள்ளி விழுகும், உள்ள இருக்க பாலு காயிறதுக்குள்ள வேலை முடிஞ்சிரும். வழிஞ்ச பாலும் தோகைத் துணுக்கும் கரில விழுந்து கருகுறதுதான் அந்த வாசம். உங்க மிஷின் 200 டிகிரிக் காத்து, அந்தப் புள்ளி விழுகுறதுக்குள்ள கருது வத்திப் போகும். என்ன செஞ்சாலும் அது இதாகாது.

பாம்பன்_அக்கா:
அண்ணே நீங்க சொல்றது அத்தனையும் உண்மை. ஆனா கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல எங்க வீட்டு மாடில கரி அடுப்பு வச்சுப் பாருங்க, கங்கு பறந்து அடுத்த வீட்டு ஓலைக் கொட்டகைக்குப் போகும். மழைக்காலத்துல கரி நமுத்துப் போகும். மீன்பிடி தடைக்காலத்துல வீட்டுக்காரரு வீட்டுல இருக்கும்போது அவரு கரில சுடுவாரு, நான் வேணாங்கல. மத்த நாளு பள்ளிக்கூடம் விட்டு வந்து புள்ள கேக்கும்போது நான் எங்க கரி மூட்ட?

கரிமூட்டம்:
அதுவும் சரிதான் தாயி. கரி இல்லாத நாளைக்குன்னு வச்சுக்கங்க, நான் சண்டைக்கு வரல. ஆனா இது சுட்ட சோளம்னு மட்டும் புள்ளைகளுக்குச் சொல்லாதீங்க, வறுத்த சோளம்னு சொல்லுங்க.

தொண்டி_தம்பி:
மெஸ்ஸுல வர்ற சாம்பாரையும் நாங்க சாம்பார்னுதான சொல்றோம் விடுங்கண்ணே

உச்சிப்புளி_காரன்:
தோகையோட வச்சா அந்த வாசம் கொஞ்சம் வரும். நான் செஞ்சிருக்கேன்.

மண்டபம்_வயர்மேன்:
தம்பி அத எல்லாருக்கும் சொல்லாதீங்க. ட்ராயர் மிஷின்ல காயில் மேல திறந்து கிடக்கும், காத்து கீழ இருந்து மேல தூக்கும். காஞ்ச குஞ்சம் ஒரு இழை பறந்து போய் செவந்த காயில்ல ஒட்டுனாப் போதும், பத்திக்கும். காஞ்ச வெளித் தோகையும் அப்படித்தான். செஞ்சே ஆகணும்னா வெளித் தோகை, குஞ்சம் எல்லாத்தையும் வெட்டி எறிஞ்சுட்டு, உள் தோகை ரெண்டு மூணு மட்டும் விட்டு, கால் மணி நேரம் தண்ணில ஊற வச்சு, நுனிய அதோட நாராலேயே இறுக்கிக் கட்டி வைங்க. பக்கத்துலயே நில்லுங்க.

உச்சிப்புளி_காரன்:
கட்டித்தான் வச்சேன். உள்ள ஆவில வெந்து அவிச்ச சோளம் மாதிரி வருது, அப்பறம் தோகைய உரிச்சுட்டு 200ல நாலு நிமிஷம். பல்லுக்கு மெத்துன்னு இருக்கும். லாத்தா அவங்க மாமிக்குக் கேட்டாங்களே, அதுக்குச் சொன்னேன்.

தேவிபட்டினம்_சிஸ்டர்:
பல்லு செட்டு இருக்கவங்களுக்குக் கருத நேராக் கடிக்கக் குடுக்காதீங்க, செட்டு தூக்கிக்கும், முத்தோட தோலு அடியில போய் மாட்டுனா ஈறு புண்ணாகும். வெந்தத நிக்க வச்சு கத்தியால மேல இருந்து கீழ சீவுனா முத்து மொத்தமா வந்துரும். அதுல தேங்காப்பூவும் உப்பும் போட்டு ஸ்பூன்ல குடுங்க.

பெரியவங்களுக்கு சர்க்கரை இருந்தா இதையும் பாத்துக்கங்க. ஸ்வீட் கார்ன் 100 கிராம் முத்துல சுமாரா 19 கிராம் கார்போஹைட்ரேட் இருக்கு, அதுல ஆறு கிராம் கிட்ட சீனி. காய்கறிக் கணக்குல சேக்காதீங்க, சோத்துக் கணக்குல சேருங்க. அரைக் கருது சாப்பிட்டா அந்த வேளைக்கு ஒரு கரண்டி சோறு கொறைச்சுக்கலாம். ஏர் ஃபிரையர்ல செஞ்சா சர்க்கரை ஏறாதுன்னு ஒரு பேச்சு ஓடுது, அதுல எண்ணெய்தான் கொறையிது, மாவு எங்கயும் போகல.

கீழக்கரை_லாத்தா:
செஞ்சாச்சு!! மாஷா அல்லாஹ் நல்லா வந்துச்சு. கமுதி அண்ணன் சொன்ன மாதிரி நகத்தால கீறிப் பாத்துத்தான் வாங்குனேன், வண்டிக்காரர் என்னம்மா சோளத்தக் கிள்ளுறீங்கன்னு ஒரு மாதிரி பாத்தாரு. வயர்மேன் தம்பி சொன்னபடி பிளக்க மாத்திட்டுத்தான் மிஷினத் தொட்டேன். பாம்பன் அக்கா முறையில 180, அப்பறம் 200. பாதிக்குத் தேங்காப்பால் தடவினது, பாதி சும்மா நெய்யில. தேங்காப்பால் தடவினது நெறம் தூக்கலா வந்துச்சு, ஆனா அடித்தட்டுல சொட்டிக் காஞ்சு ஒட்டிக்கிச்சு, ஊற வச்சுத்தான் கழுவ முடிஞ்சுச்சு. மாசிப்பொடி போட்டத பெரிய மகன் யாருக்கும் குடுக்கல. சின்னவளுக்கு மாசி புடிக்கல, வெறும் உப்பும் எலுமிச்சையும் கேட்டா. மாமிக்கு சிஸ்டர் சொன்னபடி சீவித் தேங்காப்பூ போட்டுக் குடுத்தேன், இது புட்டுக்குத் தொட்டுக்க நல்லா இருக்கும்னாங்க.

ஒரே ஒரு சந்தேகம். பாம்பன் அக்கா சொன்ன நேரத்தவிட எனக்கு ரெண்டு நிமிஷம் கூட ஆச்சு. வோல்டேஜா, சோளமா?

மண்டபம்_வயர்மேன்:
எத்தனை மணிக்குச் செஞ்சீங்க?

கீழக்கரை_லாத்தா:
மஹ்ரிபு தொழுகைக்கு அப்பறம், பொழுது சாஞ்சுதான்.

மண்டபம்_வயர்மேன்:
வோல்டேஜ்தான்.

பாம்பன்_அக்கா:
கருது ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்த கையோட வச்சிருந்தாலும் அப்படித்தான் ஆகும், அரை மணி நேரம் முன்னாடி வெளிய எடுத்து வைங்க.

கமுதி_சம்சாரி:
சந்தோசம் லாத்தா. நாட்டுக் கருது கிடைச்சா அதையும் விட்டுறாதீங்க, மார்கழி தை பக்கம் எங்க ஏரியாவுல பச்சைக் கருது வரும். அத ரெண்டா ஒடிச்சு முங்கத் தண்ணி ஊத்தி உப்புப் போட்டு குக்கர்ல நாலஞ்சு விசில். போர் தண்ணில அவிக்காதீங்க, நம்ம பக்கத்துத் தண்ணில சுண்ணாம்புச் சத்து ஜாஸ்தி, பருப்பே வேகாது, சோளத்தோட தோலும் வெறைச்சுக்கும், குழாய்ல வர்ற காவிரித் தண்ணியா ஊத்துங்க. அவிஞ்சதும் அந்தத் தண்ணிலயே செத்த நேரம் கிடக்கட்டும். அப்பறம் ஈரத்தத் துடைச்சுட்டு எண்ணெய் தடவி 200ல ஆறேழு நிமிஷம். ஸ்வீட் கார்ன் மாதிரி பால் தெறிக்காது, மென்னு திங்கணும், அந்த ருசிக்கு ஸ்வீட் கார்ன் கிட்ட வர முடியாது. இது என் கட்சி.

கரிமூட்டம்:
இந்த ஒரு விஷயத்துல நானும் அண்ணன் கட்சி.

தொண்டி_தம்பி:
அப்ப காஞ்ச முத்தப் போட்டா பாப்கார்ன் ஆகுமா? மிஷின்லயே?

ஏர்வாடி_பண்டாரி:
பாப்கார்னுக்கு வேற சோளம் தம்பி, தோலு தடிச்ச ரகம், உள்ள இருக்க ஈரம் ஆவியாகி அடைச்சு நின்னுதான் வெடிக்கிது. அதப் போட்டாலும் வெடிச்ச பொரி எடை இல்லாம பறந்து காயில்ல போய் ஒட்டும். சட்டிக்கு மூடி போட்டு அடுப்புல வைங்க, அதுக்கு எதுக்கு மிஷினு.

மண்டபம்_வயர்மேன்:
கடைசியா ஒண்ணு, உப்புக்காத்துல மிஷின எப்புடி வச்சுக்கிறதுன்னு. 1914ல தொறந்த பாம்பன் ரயில் பாலத்தையே துரு தின்னு 2022 டிசம்பரோட ரயில நிப்பாட்டிட்டாங்க, புதுப் பாலம் 2025 ஏப்ரல்லதான் வந்துச்சு. எங்க மண்டபத்துல சிக்ரியோட (காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) நிலையத்துல இரும்புத் தகட்ட வெளிய காய வச்சு எவ்ளோ வேகமா துரு புடிக்குதுன்னு ஆராய்ச்சியே பண்றாங்க, அப்ப உங்க கூடைக்கு என்ன ஆகும்னு பாத்துக்கங்க. கூடையில இருக்க கருப்புப் பூச்சு ஒரு எடத்துல சுரண்டிட்டா அங்க இருந்து துரு கெளம்பும். கரண்டி போடாதீங்க, கம்பி நாரு போடாதீங்க, உப்புத் தூள உள்ள வச்சுத் தூவாதீங்க, அதுக்குத்தான் பாம்பன் அக்கா உப்புத்தண்ணில முக்குறதும் எனக்கு அவ்வளவு புடிக்கல. கழுவுனப்பறம் ரெண்டு நிமிஷம் காலியா ஓட விட்டு ஈரத்தக் காய வைங்க, ஆறுனதும் துணி போட்டு மூடுங்க. கடல் பாத்த ஜன்னல் பக்கத்துல வைக்காதீங்க.

பாம்பன்_அக்கா:
முக்கிட்டு நல்லா உதறித்தான் வைக்கிறேன் தம்பி, வாங்குனதுல இருந்து துரு இல்ல. ஆனா ஜன்னல் விஷயம் சரி, எங்க மிக்ஸி ஜாரு அப்படித்தான் போச்சு.

கீழக்கரை_லாத்தா:
எல்லாருக்கும் ஜஸாக்கல்லாஹ். அடுத்து பனங்கிழங்கு வச்சுப் பாக்கலாமான்னு மாமி கேக்குறாங்க, சுட்ட பனங்கிழங்கு மாதிரி வருமா?

கமுதி_சம்சாரி:
பச்சையா வச்சா நார்தான் மிஞ்சும், அதுவும் மாவுதான. மஞ்சளும் உப்பும் போட்டு அவிச்சு, தோல உரிச்சு ரெண்டாப் பொளந்து நடுக்குருத்த எடுத்துட்டு, 180ல அஞ்சாறு நிமிஷம் வச்சுப் பாருங்க. தை மாசம் சாயல்குடி பக்கம் கட்டு கட்டா வரும், அப்ப செஞ்சுட்டுச் சொல்லுங்க லாத்தா.